வயிறில்லாத சொக்காரன்

அப்பா,

இன்று காலை, கடல் குதிரையின் கழிவிலிருந்து ஓர் இறால் குஞ்சு உயிரோடு நீந்திப் போனதைப் பார்த்தேன்.

தொட்டியின் அடியைச் சுத்தம் செய்யக் குழாயை உள்ளே விட்டபோதுதான் கண்ணில் பட்டது. செம்மண் நிறத்தில் ஒரு நூல் துண்டு போலக் கழிவு கிடந்தது. அதன் ஒரு முனை அசைந்தது. தண்ணீர் ஆடுவதால் அசைகிறது என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். எள்ளளவு உள்ள ஒரு குஞ்சு அதிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. கடல் குதிரையின் வாய்க்குள் போய், குடல் முழுவதையும் கடந்து, மறுபக்கம் வந்து, ஒன்றுமே நடக்காதது போல வெளிச்சத்தைப் பார்த்து நீந்தியது.

மூன்று நாளாக நான் விடுப்பில் இருந்தேன். எனக்குப் பதிலாகத் தீனி போட்ட மாணவி புதியவள். எவ்வளவு போட்டாலும் அவை தின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து, பாவம் என்று மேலும் மேலும் ஊற்றியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் முதல் வாரத்தில் அதைத்தான் செய்தேன். அன்று சாயங்காலம் உங்களிடம் வந்து சொன்னேன். இன்றைக்குச் சொல்ல நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன். எனக்குப் பேச்சைவிட எழுத்து கொஞ்சம் நேராக வரும் என்று நீங்கள்தான் சொல்வீர்கள்.

உங்கள் வேலை பந்தி பரிமாறுவது. பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வரைக்கும் கல்யாண வீடு, சடங்கு வீடு, பதினாறாம் நாள் வீடு என்று உங்கள் சமையல் செட்டு போகாத ஊர் குறைவு. பந்தியில் உட்கார்ந்தவர் போதும் என்று இலைக்கு மேல் கையை விரித்து மறைத்தால், மற்றவர்கள் அடுத்த இலைக்குப் போய்விடுவார்கள். நீங்கள் போகமாட்டீர்கள். வாளியோடு அங்கேயே நிற்பீர்கள். "ஒரு கரண்டியில இல கிழிஞ்சிராது அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே விரலிடுக்கு வழியாகத் தேங்காய்ப்பால் சொதியை இறக்கிவிடுவீர்கள். அவர் கையை உதறுவார், உங்களை முறைப்பார், அப்புறம் சாப்பிட்டுவிடுவார். கை கழுவிவிட்டுப் போகும்போது உங்களிடம்தான் சொல்லிக்கொண்டு போவார். அது உங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

அப்படிப்பட்டவருக்கு இரைப்பையில் கட்டி என்று சொன்னார்கள்.

அறுவை முடிந்த பிறகு டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். வயிறு முழுவதையும் எடுத்துவிட்டோம், உணவுக்குழாயை நேராகக் குடலோடு சேர்த்துத் தைத்திருக்கிறோம் என்றார். இனிமேல் சோறு தங்கி நிற்க இடம் கிடையாது. ஒரு நாளைக்கு எட்டு வேளை, ஒவ்வொரு வேளையும் ஒரு சின்னக் கிண்ணம். கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. இனிப்பு கூடாது. அடுத்து மருந்து ஏற்ற வேண்டும், எடை நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே போனால் ஏற்ற முடியாது, ஏற்றாவிட்டால் கட்டி திரும்ப வரும் என்றார். நாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது அந்த நாற்பத்தைந்தைத்தான்.

அப்போது நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் உங்களோடு இருக்க ஆள் வேண்டும். அம்மா பீடி சுற்றினால்தான் வீட்டில் உலை வைக்க முடியும். நான் நின்றுவிட்டேன். உண்மையைச் சொன்னால், பள்ளிக்கூடத்தை விட்டது எனக்கு அவ்வளவு துக்கமாக இல்லை. பெயர் கூப்பிடும்போது "உள்ளேன்" என்று சொல்வதற்கே எனக்குக் கை வேர்க்கும். துக்கம் உங்களுக்குத்தான். தையல் பிரிக்காத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, நான் எந்திச்சதும் நீ போயிரணும்" என்று கட்டிலில் கிடந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் எழுந்து நடமாடத் தொடங்கியபோது பள்ளியில் பாதி வருடம் போய்விட்டது. நான் திரும்பவும் போகவில்லை. கல்லூரியில் கூட்டிப் பெருக்குகிற அத்தை ஒருவர் அம்மாவுக்குப் பழக்கம். அவர் சொல்லித்தான் அந்தக் கல்லூரியின் கடல் உயிர்கள் வளர்க்கும் கூடத்தில் தொட்டி கழுவுகிற வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது.

ஆறு கடலில் சேருகிற புன்னைக்காயல் பக்கம், மீனவர் வலையில் தவறிச் சிக்கிய கடல் குதிரைகள் அவை. பிடிப்பதும் விற்பதும் குற்றம் என்பதால், அரசாங்க அனுமதி வாங்கி ஆராய்ச்சிக்காக வைத்திருக்கிறார்கள். அங்கே ஆராய்ச்சி செய்கிற அக்கா எனக்கு முதலில் காட்டியது தீனி தயாரிப்பதை. காய்ந்த முட்டைகள் டப்பாவில் வரும், பார்த்தால் காப்பிப் பொடி மாதிரி இருக்கும். உப்புத் தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழி விட்டு, விளக்கைப் போட்டு வைத்தால் மறுநாள் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகிவிடும். அத்தனையும் உயிருள்ள இறால் குஞ்சுகள். சிலவற்றை அப்படியே கொடுக்க வேண்டும், சிலவற்றை இன்னும் சில நாள் வளர்த்துப் பெரிதாக்கிக் கொடுக்க வேண்டும்.

முதல் வாரம் அக்கா வெளியூர் போயிருந்தபோது தீனி போடுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. நான்கு வேளை, அளவு கோப்பையில் என்று எழுதி ஒட்டியிருந்தார். நான் பார்க்கும்போதெல்லாம் அவை தேடிக்கொண்டே இருந்தன. ஆளில்லாத கூடத்தில் பசியோடு நிற்கின்றன என்று எனக்குத் தோன்றியது. நான் உங்கள் மகள். ஊற்றிவிட்டேன். அவையும் தின்றன. இரண்டு நாளில் தொட்டி அடி முழுக்கச் செம்மண் நிறக் கழிவு. ஆனால் கடல் குதிரைகளின் எலும்பு வளையங்கள் முன்னைவிடத் துருத்திக்கொண்டு தெரிந்தன.

அக்கா திரும்பி வந்து திட்டவில்லை. அந்தக் கழிவை ஒரு சொட்டு எடுத்துப் பூதக்கண்ணாடிக்கு அடியில் காட்டினார். குஞ்சுகள் கால்கூட உடையாமல் முழுசாக இருந்தன. "இதுக்கு வயிறு கிடையாதும்மா. பல்லும் கிடையாது. உறிஞ்சுறதுதான். உள்ளே போனது குடல் வழியா நடந்துக்கிட்டே இருக்கும். போற வழியில கிடைச்ச சத்தைத்தான் எடுத்துக்கும். பின்னாடியிருந்து நீ தள்ளிக்கிட்டே இருந்தா, எடுக்க நேரமில்லாம எல்லாம் அப்படியே வெளியே போயிடும்."

 டாக்டர் தாளில் போட்ட படம்தான் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னபோது, நீங்கள் ஆறாவது வேளைக் கஞ்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். அறுவைக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

"அப்போ நம்ம சொக்காரன்னு சொல்லு."

பங்காளியைச் சொக்காரன் என்றுதான் நாம் சொல்வோம். மறுநாளே சொக்காரனைப் பார்க்க வந்துவிட்டீர்கள். கூடத்துக்குள் சாப்பிடக்கூடாது என்பதால் வெளி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஜன்னல் வழியாகத் தொட்டி தெரிகிற மாதிரி உட்காரவைத்தேன். அப்புறம் அது தினசரி வழக்கமாகிவிட்டது. காலையில் இரண்டு கிண்ணங்களோடு என்னுடன் வருவீர்கள். பத்து மணிக்கு அவற்றுக்குத் தீனி, உங்களுக்கு இட்லி. பன்னிரண்டுக்கு உங்களுக்கு மட்டும் குழைந்த பருப்புச் சோறு.

முப்பது வருடம் மனிதர்கள் சாப்பிடுவதைப் பார்த்தவர் நீங்கள். நான் பார்க்காததை எல்லாம் முதல் நாளே பார்த்தீர்கள். அது துரத்திப் போவதில்லை. வாலைக் கடற்புல்லில் சுற்றிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. ஒரு கண் முன்னால் பார்க்கிறது, இன்னொரு கண் அதுபாட்டுக்குப் பின்னால் சுற்றுகிறது. குஞ்சு பக்கத்தில் வருவது வரை தலை அசைகிறதா என்றே தெரியாது. பிறகு ஒரு சொடுக்கு. குஞ்சு இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருக்கிறது. கண்ணாடியில் காதை வைத்தால் அந்தச் சொடுக்கு "டிக்" என்று கேட்கும். நீங்கள் உள்ளே வந்து காதை வைத்துக் கேட்டீர்கள்.

"பைய நிக்கான், ஆனா இலையில ஒண்ணு விழ விடமாட்டான்" என்றீர்கள். இன்னொரு நாள், அதற்குப் பல் இல்லை என்று நான் மறுபடியும் சொன்னபோது, "அவனுக்கும் சேத்து நான்தான மெல்லுதேன்" என்று ஒரு வாய் இட்லியை என் முன்னால் நாற்பது முறை மென்று காட்டினீர்கள். நான் எண்ணினேன். முப்பத்தெட்டுதான்.

எடை பார்க்கப் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறுவீர்கள். நாற்பத்தேழு இருந்தது. "இவன் தராசு எப்பவுமே கொறச்சுத்தான் காட்டும்" என்று கடைக்காரருக்குக் கேட்கும்படியே சொல்வீர்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "உம்மை எடைக்குப் போட்டா எனக்கு நட்டம்தான் வே" என்பார். முதல் மருந்து ஏற்ற இன்னும் பத்து நாள் இருந்தது.

அந்தப் பத்து நாளுக்குள்தான் ஆழ்வார்குறிச்சிக் கல்யாணம் வந்தது.

உங்கள் செட்டுத் தலைவரின் மகளுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் மறுநாள் மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது என்றீர்கள். அம்மா பீடி ஒப்படைக்க வேண்டிய நாள். என்னை அனுப்பினார். "பக்கத்துலயே இரு. போட வந்தா வேண்டாம்னு நீ சொல்லிரு. அவுகளுக்குச் சொல்ல வராது" என்றார். நான் சரி என்றேன்.

முதன்முறையாக நீங்கள் பந்தியில் உட்கார்ந்தீர்கள். பரிமாறியவர்கள் எல்லாரும் உங்கள் ஆட்கள். மெலிந்து போயிருந்த உங்களைப் பார்த்து அவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் துக்கத்துக்கு அவர்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து வாளியில் இருந்தது. முதல் கரண்டிச் சோறு, சொதி, உருளைக்கிழங்கு, இஞ்சிப் பச்சடி. நீங்கள் பாதியில் நிறுத்திக் கையை விரித்து இலையை மறைத்தீர்கள். சொதி வாளியோடு நின்ற மாமா சொன்னார், "ஓய், யார்ட்ட கையை விரிக்கீரு? இந்த வித்தைய எங்களுக்குச் சொல்லித்தந்தவரே நீருதானவே." விரலிடுக்கில் சொதி இறங்கியது. பந்தியே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். பிறகு பாயசம் வந்தது.

நான் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். போடாதீர்கள் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் வந்திருந்தேன். எதிர்வரிசையில் எல்லாரும் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்து என் இலையைப் பார்த்தேன். நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்கள்.

கால் மணி நேரத்தில் மண்டபத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். சட்டை முழுக்க வேர்வை. நெஞ்சு அடித்துக்கொள்வது வெளியே தெரிந்தது. "கண்ணு இருட்டுதுட்டி" என்றீர்கள், அப்படியே சரிந்தீர்கள். சொதி மாமாதான் உங்களைத் தூக்கி வேனில் போட்டார். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எதைச் சாப்பிட்டாலும் வயிற்றைப் பிடுங்கியது. சாப்பாட்டைப் பார்த்தாலே பயந்தீர்கள். பேப்பர் கடைத் தராசு நாற்பத்துநான்கு காட்டியது, அன்று யாரும் சிரிக்கவில்லை. மருந்தைத் தள்ளிவைத்தார்கள். மூன்று வாரத்தில் எடை ஏறாவிட்டால் அப்புறம் பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்த "அப்புறம்" என்ன என்று நாம் யாரும் கேட்கவில்லை.

நான் உங்கள் முகத்தைப் பார்க்காமல் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்து உட்காரவைத்தீர்கள்.

"நீ சொல்லலன்னுதான மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரியுத? முப்பது வருசமா வேண்டாம்னு சொன்னவன் கையில ஊத்துனவன் நான். எனக்கு நானே ஊத்திக்கிட்டேன். இதுல நீ எங்கன வந்த?"

நான் அழுதேன். நீங்கள் விடவில்லை. அதுவரைக்கும் அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்றை அன்று என்னிடம் சொன்னீர்கள். அறுவைக்குப் பிறகு உங்களுக்குப் பசி என்பதே வரவில்லை. டாக்டரிடம் கேட்டதற்கு, வயிற்றோடு பசியும் பெரும்பாலும் போய்விடும் என்றாராம். "சோத்தப் பாத்தா சோறுன்னு தெரியுது, அவ்வளவுதான். அந்தச் சொக்காரன் பாடு தேவலட்டி. அவனுக்கு ஆண்டவன் வயித்த எடுத்துட்டுப் பசிய வச்சிருக்கான். எனக்கு ரெண்டையும் எடுத்துட்டான்."

எட்டு வேளையும் பசியில்லாமல் சாப்பிட்டிருக்கிறீர்கள், அப்பா. ஐந்து மாதமாக. நான் கடிகாரத்தைப் பார்த்துக் கிண்ணத்தை நீட்டும்போதெல்லாம், ஒரு வார்த்தை சொல்லாமல் மென்று விழுங்கியிருக்கிறீர்கள். எனக்கு அது தெரியவே இல்லை. பசியோடு நிற்பதாக நினைத்துக் கடல் குதிரைகளுக்கு ஊற்றியவளுக்கு, பசியில்லாமல் உட்கார்ந்திருந்தவரைத் தெரியவில்லை.

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"ஒனக்குப் பசிக்கும்லா? எதுத்தாப்புல உக்காந்து சாப்பிடு. நீ அள்ளித் திங்கதப் பாத்தா எனக்கும் கை போவும். பந்தியில தனி இல போட்டா ஒருத்தனும் ஒழுங்காச் சாப்பிட மாட்டான்."

அன்றிலிருந்து எட்டு வேளையும் இரண்டு கிண்ணங்கள். நான் ஒரு வாய் எடுத்தால் நீங்கள் ஒரு வாய். நான் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துவீர்கள், அதனால் நான் நிறுத்தமாட்டேன். அம்மா என்னைப் பார்த்து, "மருந்து இவளுக்கா ஏத்தப் போறாவ" என்று கேட்கிற அளவுக்கு நான் பெருத்தேன். மூன்றாவது வாரம் தராசு நாற்பத்தைந்தரை காட்டியது. கடைக்காரர் படிக்கல்லைத் திரும்ப வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு என் தராசு சரியா இருக்கா வே?" என்று கேட்டார். மருந்து ஏற்றினார்கள். சொன்னபடி ஆறு தடவையும் ஏற்றினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கூடத்துக்கு ஒரு புதிய கடல் குதிரை வந்தது. உயிருள்ள குஞ்சைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்று நின்றது. உறையவைத்த இறாலைக் கொடுத்தால் திரும்பிக்கொள்ளும். அக்கா கவலைப்பட்டார். நான் இரண்டு நாள் யோசித்துவிட்டு, நன்றாகத் தின்கிற பழையது ஒன்றைப் பக்கத்தில் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்தக் கூடத்தில் நானாக வாய் திறந்து சொன்ன முதல் யோசனை அது. அக்கா செய்து பார்த்தார். உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. நான்காம் நாள் புதியது ஒரு துண்டை உறிஞ்சியது, உடனே துப்பியது, மறுபடியும் உறிஞ்சியது. இது உனக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டார். எங்கள் அப்பா சொன்னது என்றேன். வராந்தாவில் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த உங்களைப் பார்த்து அவர் சிரித்தார்.

கட்டி திரும்ப வந்தது. ஆனால் உடனே வரவில்லை. எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் நமக்குக் கிடைத்தது. ஐப்பசியில் நல்ல மழை பெய்த ஒரு காலையில் போனீர்கள். கடைசி நாட்களில் கிண்ணத்தைப் பார்க்கவே உங்களால் முடியவில்லை. அப்போதும் கண்ணைத் திறந்து, "நீ சாப்பிடு, பாத்துக்கிட்டிருக்கேன்" என்றீர்கள். நான் சாப்பிட்டேன். எப்படி உள்ளே இறங்கியது என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் போன பிறகும் எனக்கு அந்த எட்டு வேளையும் பசித்தது. எல்லாரும் அழுதுகொண்டிருந்த வீட்டில் எனக்குப் பசித்தது. அதற்காக நான் மிகவும் வெட்கப்பட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம், பின்தெருவிலிருந்து ஓர் அத்தை அம்மாவைத் தேடி வந்தார். அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். உங்களுக்குச் செய்த அதே அறுவை செய்து, வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. ஒன்றும் சாப்பிடமாட்டேன் என்கிறார், உங்கள் வீட்டில் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று கேட்டார். "எனக்கு என்ன தெரியும், எல்லாம் இவதான் பாத்தா. ஆனா இவ பேசமாட்டா" என்றார் அம்மா. அந்த அத்தை எழுந்துவிட்டார். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன்.

அந்த மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பெரிய தட்டில் நான்கு இட்லி, மேலே சாம்பார், ஒரு டம்ளர் தண்ணீர். மாமாவின் அக்கா, தங்கை, பக்கத்து வீட்டார் என்று ஐந்தாறு பேர் சுற்றி நின்று, எனக்காக ஒரு வாய், பிள்ளைகளுக்காக ஒரு வாய் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்றேன். ஆழ்வார்குறிச்சியில் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது.

"அந்தத் தட்ட எடுத்துருங்க அத்தை" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"தண்ணியும் வேண்டாம். எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. சின்னக் கிண்ணம் ரெண்டு கொண்டாங்க. ஒண்ணு மாமாவுக்கு, ஒண்ணு எனக்கு."

மாமா முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். "எனக்குப் பசிக்கல தாயி. சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்காவ" என்றார்.

"தெரியும் மாமா. பசிக்காது" என்றேன்.

அவர் அதற்குப் பிறகு சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. கிண்ணங்கள் வந்தன. ஆளுக்கு அரை இட்லி. நான் அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து முதல் வாயை எடுத்தேன். கூடத்திலிருந்து வந்து இன்னும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. எனக்கு நல்ல பசி, அப்பா.